ஏரியைத் தாண்டும் முன் ஒரு வேளைச் சாப்பாடு

மே மாதத்தின் இரண்டாவது வாரம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரியின் தென்கரையில் பொழுது விடிந்து சிறிது நேரம்தான் ஆகிறது. மகீ மார்ஷ் சதுப்பு நிலத்தை ஒட்டிய சின்னக் காட்டுக்குள் ஒரு மைல் நீளத்துக்கு மரப்பலகை நடைபாதை வளைந்து செல்கிறது. அதன் மேல் கழுத்தில் பைனாகுலர் தொங்க நிற்கும் கூட்டத்தில் பாதிப்பேர் நடக்கவே இல்லை. நின்ற இடத்துக்கே பறவைகள் வருகின்றன.

இவர்கள் தேடி வந்திருப்பது வார்ப்ளர் குருவிகளை. உருவம் நம் வீட்டுத் தோட்டத்துத் தையல்சிட்டு அளவுதான். பெரும்பாலானவற்றின் எடை பத்து கிராமை ஒட்டியே இருக்கும். மற்ற காடுகளில் மர உச்சியில் திரியும் இவற்றை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி கண்டுவிடும். இங்கே கண் மட்டத்துக்கு இறங்கி வருகின்றன. முப்பதுக்கும் மேற்பட்ட வார்ப்ளர் இனங்கள் வசந்தத்தில் இந்தக் கரையில் தென்படுகின்றன.

பிளாக்பர்னியன் வார்ப்ளரைப் பாருங்கள். கறுப்பு வெள்ளைக் கோடுகள் போட்ட உடம்பு, தணல் போல ஜொலிக்கும் செம்மஞ்சள் தொண்டை. கிளை நுனியில் தலைகீழாகத் தொங்கி, இலைக்கு அடியில் ஒட்டிய பூச்சியைக் கொத்திவிட்டு அடுத்த இலைக்குத் தாவுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் ஆள் நிற்பதை அது சட்டை செய்வதே இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காடுகளில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வரும் பறவை அது. கொலைப்பசியில் இருக்கிறது.

வார்ப்ளர்கள் வலசை போவது பெரும்பாலும் இரவில். பொழுது சாய்ந்ததும் கிளம்பி, உடம்பில் சேர்த்த கொழுப்பை எரித்தபடி விடியும்வரை பறக்கின்றன. வடக்கே போகும் வழியில் கடல் போல ஈரி ஏரி குறுக்கிடுகிறது, எதிர்க்கரை கனடா. தெம்பு குறைந்த பறவைகள் தண்ணீருக்கு முன்னால் கிடைக்கும் கடைசி மரங்களில் இறங்கிவிடும். இரவில் தெற்கிலிருந்து காற்று வீசினால் மறுநாள் காடு நிறையும். ஏரியிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்பும் கொசு போன்ற மிட்ஜ் பூச்சிகளே அவற்றுக்கு முக்கிய உணவு. மனிதர்களைக் கடிக்காவிட்டாலும் சட்டையெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அங்கே யாரும் அதற்கு முகம் சுளிப்பதில்லை.

இருட்டில் திசை எப்படித் தெரிகிறது? 1960களில் ஸ்டீபன் எம்லன் என்ற ஆய்வாளர் இண்டிகோ பன்டிங் என்ற நீலக் குருவியைக் கோளரங்கத்துக்கே கொண்டுபோனார். தாளால் செய்த புனல் வடிவக் கூண்டு, அடியில் மை தோய்ந்த பஞ்சு. குருவி எந்தப் பக்கம் தாவியதோ அந்தப் பக்கத்துத் தாளில் கால் தடம் விழுந்தது. வசந்தகால வானத்தைக் காட்டியபோது தடங்கள் வடக்கே குவிந்தன. வானம் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது என்பதைக் குஞ்சுப் பருவத்திலேயே அது கவனித்துப் பழகுகிறது என்றும் அவர் கண்டறிந்தார். இத்தனை சிறிய தலைக்குள் நட்சத்திர வரைபடம்!

இந்தக் காட்டில் இத்தனை நெரிசலுக்கு வருத்தமான காரணமும் ஒன்று உண்டு. ஒஹையோவின் இந்த மூலை முழுக்க ஒருகாலத்தில் ‘கிரேட் பிளாக் ஸ்வாம்ப்’ என்ற பெருஞ்சதுப்புக் காடாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, மரங்களை வெட்டி வயலாக்கிவிட்டார்கள். மிஞ்சிய துண்டுக் காடுகளில்தான் இன்று பறவைகள் அடைகின்றன. 1970க்குப் பிறகு வட அமெரிக்காவில் சுமார் 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு சொன்னது. அந்த இழப்பில் வார்ப்ளர்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

ஆனாலும் இதே கரையில் ஒரு நல்ல சேதியும் அவ்வப்போது வந்து இறங்குகிறது. பஹாமாஸ் தீவுகளில் குளிர்காலத்தைக் கழித்து மிச்சிகனில் கூடு கட்டும் கர்ட்லண்ட் வார்ப்ளர் அது. 1974இலும் 1987இலும் நடந்த கணக்கெடுப்புகளில் பாடும் ஆண் பறவைகள் வெறும் 167தான் இருந்தன. மண்ணில், இளம் ஜாக் பைன் மரங்களின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில்தான் அது கூடு கட்டும். மரம் வளர்ந்துவிட்டால் இடத்தைக் காலி செய்துவிடும். அதனால் மிச்சிகனில் முதிர்ந்த மரங்களை வெட்டிக் கன்று நட்டார்கள். அதன் கூட்டில் முட்டையிட்டு ஏமாற்றும் கௌபேர்ட் பறவைகளையும் பிடித்து அகற்றினார்கள். 2019இல் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து அதன் பெயரை அமெரிக்க அரசு நீக்கியது. கன்று நடும் வேலை மட்டும் நிற்கவில்லை. இன்று நட்ட பைன் இருபது ஆண்டுகளில் அதற்கு உதவாத உயரத்துக்குப் போய்விடும்; அதற்குள் அடுத்த காட்டைத் தயார் செய்தாக வேண்டும்.