தூரமும் கோழித் துண்டும்

2007 ஏப்ரலில், அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் மைக்கேல் விக்கின் வர்ஜீனியா பண்ணையில் போலீஸ் நுழைந்தது. நாய்ச்சண்டைக்காக வைத்திருந்த பிட்புல்கள் ஐம்பது வரை சிக்கின. அப்படிப் பிடிபடும் நாய்களை ஊசி போட்டுக் கொன்றுவிடுவதே அப்போது பெரும்பாலும் வழக்கம். இந்த வழக்கில் ஒவ்வொரு நாயையும் தனித்தனியே சோதித்தார்கள். மூர்க்கம் காரணமாகக் கொல்ல நேர்ந்தது ஒன்றைத்தான். ஆளைக் கண்டதும் தரையோடு ஒட்டிப் படுத்து நடுங்கியவை பல.

கடிக்கிற நாய்களிலும் பயந்தவையே ஏராளம். பயந்த நாய் தப்ப வழியில்லாதபோது உறுமுகிறது. எதிரில் நிற்பவர் விலகுகிறார். உறுமினால் பலன் உண்டு என்று நாய் கற்றுக்கொள்கிறது.

இதை மாற்றப் பயிற்சியாளர்கள் முதலில் பார்ப்பது தூரத்தை. வேறொரு நாயைக் கண்டால் வெறிபிடித்துக் குரைக்கும் நாய்க்கும் ஓர் எல்லை இருக்கும். அதற்கு அப்பால் நிற்கும் நாயை அது வெறுமனே பார்க்கும். அங்கேதான் பாடம். எதிர்நாய் கண்ணில் பட்டதும் வேகவைத்த கோழித் துண்டு. அது மறைந்ததும் கோழியும் நின்றுவிடும். வரிசை மாறக்கூடாது: முதலில் நாய், பிறகு தீனி. சில நாட்களில் எதிர்நாயைக் கண்டதுமே இது 'எங்கே என் கோழி?' என்று பயிற்சியாளர் முகத்தைப் பார்க்கும். அதன் பிறகே நாலடி கிட்டே போகலாம். உடல் விறைத்து, வாய் இறுக மூடி, கண்ணோரம் வெள்ளை தெரிந்தால் பின்வாங்க வேண்டும். எல்லை மீறிப் பதறிய நாய் கோழியைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

இந்த உத்தி மனிதக் குழந்தையிடம் முன்பே பலித்தது. முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவன் தின்பண்டம் சாப்பிடும்போது, கூண்டு முயலைச் சிறிது சிறிதாக நெருக்கமாக வைத்தார் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ். அவர் 1924இல் எழுதிய அறிக்கையின்படி, பையன் கடைசியில் முயலைக் கொஞ்சினான்.

'நாலு சாத்து சாத்தினால் அடங்கும்' என்போர் இன்னும் இருக்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்களின் 2009 ஆய்வில், அடித்தோ உதைத்தோ பார்த்த உரிமையாளர்களில் 43 சதவீதத்தினரிடம் நாய் மூர்க்கம் காட்டியது. அடிக்குப் பயந்து உறுமுவதை நிறுத்திய நாய் இன்னும் ஆபத்தானது, முன்னறிவிப்பின்றிக் கடிக்கும்.

திடீரென்று குணம் மாறிய நாயை முதலில் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. மூட்டுவலியும் காதுப்புண்ணும் சாதுவையும் சீற வைக்கும். பதற்றம் மிகுந்தவற்றுக்கு ஃபுளூவாக்ஸெட்டின் போன்ற மாத்திரைகளும் பயிற்சியோடு சேர்த்துத் தரப்படுவதுண்டு. வெளியே கூட்டிப்போக வாய்க்கூடு தேவைப்பட்டால், மூச்சிரைக்கவும் தீனி வாங்கவும் இடமுள்ள கூடை வகையே சரி. அதையும் முதலில் வீட்டிலேயே, உள்ளே கோழித் துண்டு வைத்துப் பழக்க வேண்டும்.