ஆங்கிலத்தில் ஒப்புமை உணர்த்தும் முறைகளும் தமிழாக்கத்தில் எழும் பொருள் வேறுபாடுகளும்

ஆய்வுச் சுருக்கம்

இரு பொருள்களுக்கு இடையிலான ஒப்புமையை ஆங்கிலம் ஒரே சொல்லால் உணர்த்துவதில்லை. தோற்றமோ தன்மையோ ஒத்திருத்தல், அளவு சமமாதல், ஒரு பணிநிலையில் இருத்தல், மெய்யல்லாததை மெய்போலக் கொள்ளுதல், ஒரு வகைக்கு எடுத்துக்காட்டாதல் ஆகியவற்றுக்கு வேறு வேறு வடிவங்கள் அம்மொழியில் உள்ளன. தமிழாக்கத்தில் இவை அனைத்தையும் ‘போல’, ‘போன்ற’ என்னும் வடிவங்களில் அடக்கினால் மூலத்தின் பொருள் திரிகிறது. இவ்வேறுபாடுகளையும், அவற்றைக் காட்டவல்ல தமிழ் வடிவங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஒப்புமை, உவம உருபு, சமன்மை, மொழிபெயர்ப்பு, ஆங்கில இலக்கணம்.

முன்னுரை

ஒன்று மற்றொன்றை ஒத்தது என்று கூறும்போது அவ்விரண்டும் ஒன்றல்ல என்பதும் உடன் கூறப்படுகிறது. எல்லா வகையிலும் ஒன்றாக இருப்பின் ஒப்புமைக்கு இடமில்லை. எனவே ஒப்புமையை உணர்த்தும் ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு ஒப்புமை, எவ்வளவு வேற்றுமை என்னும் கணக்கையும் தன்னுள் கொண்டுள்ளது. ஐரோப்பிய மொழிகளின் ஒப்புமைத் தொடர்களை 1998இல் ஆராய்ந்த மார்ட்டின் ஹாஸ்பெல்மத், ஒடா புக்ஹோல்ட்ஸ் ஆகியோர், அளவில் சமமாதலை உணர்த்தும் தொடர்களையும் தன்மையில் ஒத்தலை உணர்த்தும் தொடர்களையும் வேறுபடுத்திக் காட்டினர். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு ‘அஸ்’, ‘லைக்’ என்னும் இரு சொற்களின் வழி வெளிப்படையாகவே காணப்படுகிறது.

1. ‘லைக்’: வடிவ ஒப்புமை

‘லைக்’ என்னும் சொல்லின் வேர் பழைய ஆங்கிலத்தில் உடலைக் குறித்த ‘லீச்’ என்னும் சொல்லாகும். அதனடியாகப் பிறந்த ‘யெலீச்’ என்பதற்கு ‘அதே உடல் வடிவைக் கொண்டது’ என்பது பொருள். பிணப்பெட்டியை இறக்கி வைப்பதற்கெனத் தேவாலய முற்றத்தில் அமைந்த கூரையிட்ட வாயிலை ‘லிச்கேட்’ என்பர். அச்சொல்லில் பழைய பொருள் இன்றும் எஞ்சியுள்ளது. ‘ஃபிரெண்ட்லி’ முதலிய சொற்களின் ‘லி’ என்னும் பின்னொட்டும் இவ்வேரிலிருந்து வந்ததே. ‘இத்தகைய’ என்று பொருள்படும் ‘சச்’ என்பதும் ‘அவ்வாறு’, ‘வடிவம்’ என்னும் இரு கூறுகள் இணைந்து திரிந்த சொல்லாகும்.

‘லைக்’ பொதுவாக ஒப்புமையைக் கூறி ஒருமையை விலக்குகிறது. ஒருவர் மருத்துவரைப் போலப் பேசுகிறார் என்று அச்சொல்லால் கூறின், அவர் மருத்துவர் அல்லர் என்னும் குறிப்பு கேட்போர்க்குக் கிட்டுகிறது.

2. ‘அஸ்’: அளவும் பணிநிலையும்

‘அஸ்’ என்பது ‘முற்றிலும் அவ்வாறே’ என்று பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல்லின் குறுகிய வடிவம். ‘ஆல்ஸோ’ என்பதும் அதே மூலத்திலிருந்து வந்தது. ‘அஸ்’ இன்று மூன்று முதன்மையான வகைகளில் ஒப்புமைக்களத்தில் இயங்குகிறது.

முதலாவது, அளவுச் சமன்மை. ‘அஸ் பிரேவ் அஸ் எ லயன்’ என்பது போன்ற தொடர்களில் பண்புச்சொல்லின் இருபுறமும் ‘அஸ்’ வருகிறது. இத்தொடரின் எதிர்மறை தனித்துக் கவனிக்கத்தக்கது. தம்பி அண்ணனுக்குச் சமமான உயரமுடையவன் அல்லன் என்று ஆங்கிலத்தில் இவ்வமைப்பால் கூறின், தம்பி உயரத்தில் குறைந்தவன் என்பதே இயல்பாகக் கொள்ளப்படும் பொருள். கூடியவன் என்று எவரும் கொள்வதில்லை. இதனை ‘அண்ணனைப் போலத் தம்பி உயரமானவன் அல்லன்’ என்று பெயர்த்தால், அண்ணனும் உயரமற்றவன் என்னும் மற்றொரு பொருளுக்கு வழி பிறக்கிறது. ‘அண்ணன் அளவுக்குத் தம்பி உயரமில்லை’ என்பதில் அம்மயக்கம் இல்லை.

இரண்டாவது, பணிநிலை. மருத்துவர் என்னும் நிலையில் ஒருவர் நீதிமன்றத்தில் சான்றளிப்பதை ஆங்கிலம் ‘அஸ்’ என்பதால் கூறும். இங்கு நிகழ்வது ஒப்பீடன்று, அவர் மருத்துவரே. ஆதலால் ‘மருத்துவராகச் சான்றளித்தார்’ என்பதே ஏற்ற பெயர்ப்பு. ‘மருத்துவரைப் போலச் சான்றளித்தார்’ என்று எழுதின், சான்றாளரின் தகுதியே மறுக்கப்பட்டுவிடும்.

மூன்றாவது, பாவனை. ‘அஸ் இஃப்’ என்னும் தொடர் மெய்யல்லாததையும் மெய்போலக் கூற இடமளிக்கிறது. எல்லாம் அறிந்தவர் போல ஒருவர் பேசுகிறார் என்னும்போது, ‘அறி’ என்னும் வினையை நிகழ்கால வடிவில் வைத்தால் அவர் அறிந்தவராகவும் இருக்கலாம். இறந்தகால வடிவில் வைத்தால் அவர் அறியாதவர் என்னும் குறிப்பு மிகுகிறது. இங்கு இறந்தகால வடிவம் காலத்தைக் காட்டாமல் மெய்ம்மையிலிருந்து விலகலைக் காட்டுகிறது. தமிழில் ‘அறிந்தவர் போலப் பாவனை செய்து’ எனக் கூடுதல் சொல்லால் இதனை வெளிப்படுத்தலாம்.

‘லைக்’, ‘அஸ்’ எல்லை ஆங்கிலேயர்க்கும் அமெரிக்கர்க்கும்கூட ஐயத்திற்கு இடமில்லாதது அன்று. 1954இல் அறிமுகமான வின்ஸ்டன் சிகரெட்டின் விளம்பர வாசகத்தில், வாக்கியங்களை இணைக்கும் இடத்தில் ‘லைக்’ பயன்படுத்தப்பட்டது. அங்கு ‘அஸ்’ வரவேண்டும் என இலக்கண நெறியாளர் கண்டித்தனர். ஆயினும் ‘லைக்’ இணைப்புச்சொல்லாகப் பல நூற்றாண்டுகளாக வழங்கியே வந்துள்ளது. எனவே மொழிபெயர்ப்பாளர் சொல்லின் வடிவை மட்டும் நோக்காது தொடரின் பொருளையும் நோக்குதல் வேண்டும்.

3. எடுத்துக்காட்டும் ஒப்பும்

‘சச் அஸ்’ என்பது ஒரு வகையின் உறுப்புகளைச் சுட்டும். அதன்பின் குறிக்கப்படும் பொருள் அவ்வகையுள் அடங்கியதே. ‘லைக்’ என்பதைக் குறிக்கப்பட்ட பொருளை விலக்கி, அதனை ஒத்த பிறவற்றை மட்டும் சுட்டும் சொல்லாகக் கொள்ளும் எழுத்துநடை நெறியும் ஆங்கிலத்தில் உண்டு. பேச்சு வழக்கு அந்நெறியை எப்போதும் பின்பற்றுவதில்லை.

தமிழில் ‘ஆம்புலன்ஸ் போன்ற வாகனங்களுக்குக் கட்டணமில்லை’ என்று ஒரு விதி பெயர்க்கப்பட்டால், ஆம்புலன்ஸும் அதில் அடங்கும் என்று வழக்கறிவால் கொள்கிறோமேயன்றிச் சொல்லின் பொருளால் அன்று. சட்ட, நிர்வாக உரைகளில் இந்நெகிழ்ச்சி வழக்கிற்கு இடமளிக்கும். ‘முதலிய’, ‘உள்ளிட்ட’ என்னும் சொற்கள் குறிக்கப்பட்ட பொருளை ஐயமின்றி உட்படுத்துவதால் ‘சச் அஸ்’ என்பதற்கு அவையே பொருந்துவன.

4. ஒட்டுகளும் மதிப்பீடும்

ஒப்புமையைச் சொல்லுக்குள்ளேயே அடக்கும் பின்னொட்டுகளும் ஆங்கிலத்தில் பல உள்ளன. கிரேக்க மூலமுடைய ‘ஆய்ட்’ என்னும் ஒட்டு அறிவியலில் மிகுதியாகப் பயில்கிறது. வில்லியம் ஹெர்ஷல் 1802இல் முன்மொழிந்த ‘ஆஸ்டராய்டு’ என்பதற்கு ‘விண்மீன் வடிவினது’ என்பது பொருள். தொலைநோக்கியில் அவ்வான்பொருள்கள் விண்மீன்களைப் போல ஒளிப்புள்ளிகளாகத் தெரிந்தமையே அப்பெயருக்குக் காரணம். அவை விண்மீன்கள் அல்ல.

சில ஒட்டுகள் ஒப்புமையுடன் மதிப்பீட்டையும் உணர்த்துகின்றன. ‘சைல்ட்லைக்’, ‘சைல்டிஷ்’ ஆகிய இரண்டும் குழந்தையுடன் ஒப்பிடுவனவே. ஆனால் முன்னது கள்ளமின்மையைப் பாராட்டுகிறது. வளர்ந்தவரைப் பற்றிக் கூறும்போது பின்னது முதிர்ச்சியின்மையைப் பழிக்கிறது. இரண்டையும் ‘குழந்தையைப் போன்ற’ என்று பெயர்த்தால் பாராட்டும் பழிப்பும் ஒன்றாகிவிடும். பின்னதற்குச் ‘சிறுபிள்ளைத்தனமான’ என்னும் வழக்கு தமிழில் ஆயத்தமாக உள்ளது.

5. ஒப்புமையின் திசை

ஒப்புமை இருபுறமும் சமமாகச் செல்வது என்று தோன்றினும் மொழிவழக்கு அவ்வாறு இல்லை. உளவியலாளர் ஆமோஸ் ட்வெர்ஸ்கி 1977இல் வெளியிட்ட ஆய்வில், வட கொரியா சீனத்தை ஒத்தது, சீனம் வட கொரியாவை ஒத்தது என்னும் இரு தொடர்களுள் ஒன்றைத் தேருமாறு கேட்கப்பட்டவருள் மிகப் பெரும்பாலோர் முன்னதையே தேர்ந்தனர். நீள்வட்டம் வட்டத்தை ஒத்தது என்பதே இயல்பு; வட்டம் நீள்வட்டத்தை ஒத்தது என்பது அவ்வளவு இயல்பன்று. நன்கறியப்பட்ட, முதன்மை வாய்ந்த பொருளே ஒப்புமைக்கு அளவுகோலாகிறது. எலினோர் ராஷ் 1975இல் வெளியிட்ட ஆய்வும் இவ்வகை அளவுகோல்களைப் பற்றியதே: 99 ஏறத்தாழ 100 என்று கூறுவர், 100 ஏறத்தாழ 99 என்று கூறுவது அரிது.

உவமானம் உயர்ந்ததாக அமைதல் வேண்டும் என்னும் தொல்காப்பிய உவமவியல் விதி இவ்விடத்தில் நினையத்தக்கது. தொல்காப்பியர் கூறுவது செய்யுள் நெறி. ட்வெர்ஸ்கி கண்டது ஆய்வில் பங்கேற்றோரின் தேர்வு. இரண்டும் ஒப்புமைக்குத் திசை உண்டு என்பதில் உடன்படுகின்றன. ஆகவே மொழிபெயர்ப்பில் தொடரமைதி கருதி ஒப்பிடப்படும் பொருளையும் அளவுகோலையும் இடம் மாற்றுதல் பொருள் மாற்றமாகவே முடியும்.

முடிவுரை

ஆங்கில ஒப்புமைத் தொடரைப் பெயர்க்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை காணுதல் வேண்டும். கூறப்படுவது ஒத்தலா, சமமாதலா, அதுவாகவே இருத்தலா என்பது முதல் வினா. குறிக்கப்பட்ட பொருள் வகையுள் அடங்குமா என்பது இரண்டாவது. எது அளவுகோல், அதனுடன் வரும் மதிப்பீடு யாது என்பது மூன்றாவது. ஒத்தலுக்குப் ‘போல’, சமன்மைக்கு ‘அளவுக்கு’, பணிநிலைக்கு ‘ஆக’, எடுத்துக்காட்டிற்கு ‘முதலிய’, ‘உள்ளிட்ட’ எனத் தமிழிலும் வேறு வேறு வடிவங்கள் உள்ளன. எனவே மேற்காட்டிய பொருள் திரிபுகளுக்குக் காரணம் தமிழின் சொற்குறை அன்று; எல்லா இடத்திற்கும் ஒரே உருபைக் கொள்ளும் பழக்கமே. மொழிபெயர்ப்புப் பாடத்திட்டங்களில் இவ்வேறுபாடுகள் இடம்பெறின், சட்டம், அறிவியல், இலக்கியம் ஆகிய முத்துறைப் பெயர்ப்புகளும் செம்மையுறும்.