பத்துக் கட்டுரைகளும் பலவித வாசகரும்

ஈ.வெ.ரா.வின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்ற சிறு நூலைப் படித்தவர் நால்வர் ஓரிடத்தில் கூடிப் பேசக் கேட்டால், இவர்கள் ஒரே புத்தகத்தைத்தான் படித்தார்களா என்ற சந்தேகம் எழாமற் போகாது. கற்பு, வள்ளுவர், காதல், கல்யாண விடுதலை, மறுமணம், விபசாரம், விதவைகள் நிலைமை, சொத்துரிமை, கர்ப்பத்தடை என்று சென்று, ‘ஆண்மை’ அழிய வேண்டும் என்ற பத்தாவது கட்டுரையில் முடியும் அந்நூல், 1925-இல் ஈரோட்டில் தோன்றிய ‘குடி அரசு’ வார இதழின் எழுத்துக்களிலிருந்து திரண்டது. கூறியது கூறல் மலிந்திருக்கிறது என்று புலமை மிக்க வாசகர் குறைப்படுவதற்கு இதுவே காரணம். குறை உண்மைதான், ஆயினும் வாரந்தோறும் புதியவன் ஒருவன் கையில் எடுக்கும் பத்திரிகையில் எழுதுகிறவர், சென்ற வாரம் சொன்னதை அவன் அறிவான் என்று எப்படி நம்புவது?

சொத்துரிமைக் கட்டுரையை இன்றைய இளைஞர் விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தபோது திகைப்பூட்டிய அக்கருத்து, 1956-இல் ஓரளவும், தமிழ்நாட்டில் 1989-இல் கூட்டுக்குடும்பச் சொத்து வரையிலும் சட்டமாகிவிட்டதால், அதில் புதுமை என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். மறுமணத்தின் கதை வேறு: விதவை விவாகத்தை 1856-ஆம் ஆண்டுச் சட்டமே அனுமதித்துவிட்டது, எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அதற்காக ஒருவர் வாதாட வேண்டியிருந்தது.

மிகவும் பிழைபடப் படிக்கப்படுவது, என் அபிப்பிராயத்தில், கர்ப்பத்தடைக் கட்டுரையே. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு முன்னோடி என்று அதைப் பாராட்டிவிட்டு நூலை மூடுவோர் பலர். பிறர் தேக நலத்துக்காகவும், தரித்திரம் நீங்கவும், ஜனத்தொகை குறையவும் கர்ப்பத்தடை வேண்டுமென்று சொல்ல, தாம் பெண்ணின் சுதந்திரத்துக்காகவே அதைக் கோருவதாக ஆசிரியர் அங்கே திட்டமாகப் பிரித்துக் காட்டுகிறார். 1952-இல் அரசாங்கம் தொடங்கிய திட்டம் அந்தப் பிறருடைய காரணங்களையே கைக்கொண்டது.

வள்ளுவர் கட்டுரையோ தமிழன்பரைச் சினங்கொள்ளச் செய்வது. பெண்ணுக்கு ஒரு நீதி, ஆணுக்கு ஒரு நீதி குறளிலும் உண்டென்று கண்டித்த அவரே 1949-இல் சென்னையில் குறளுக்கு மாநாடும் கூட்டினார் என்பதை, அவரைச் சினப்போரும் போற்றுவோருமாகிய இரு சாராருமே சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

கடைசிக் கட்டுரையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் ஆண் வாசகரிடையே பெரும்பாலும் மௌனம் நிலவும். பூனையால் எலிக்கு விடுதலை கிடைக்குமோ என்று வினவி, பெண் விடுதலைக்காக ஆண்கள் செய்யும் முயற்சிகளையே அது சந்தேகிக்கிறது. அப்படியானால் இதை எழுதியவரும் ஆண்தானே என்று கூரிய வாசகி ஒருத்தி கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கான உரிமையை அவளுக்கு வழங்கியதும் அதே கட்டுரைதான்.