விதையில்லாத பழமெல்லாம் ஒரே வகையா?

பத்தாம் வகுப்பில் தாவர ஹார்மோன்கள் பாடம் வந்தால், கருவுறாக் கனியாதலுக்கு வாழை, திராட்சை, தர்பூசணி என்று ஒரே மூச்சில் எடுத்துக்காட்டுகள் சொல்வது நம் வழக்கம். மூன்றிலும் விதை இல்லைதான். ஆனால் விதை இல்லாமல் போன வழி ஒன்றல்ல. இதைப் பிரித்துச் சொல்லாவிட்டால் 'விதை இல்லையென்றால் கருவுறவில்லை' என்றே மாணவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள்.

பொதுவாக, கருவுற்றபின் வளரும் விதைகள் ஆக்சின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கின்றன. அதனால்தான் சூலகம் பருத்துக் கனியாகிறது. பள்ளித் தோட்டத்தில் பூசணி இருந்தால், பெண்பூ விரியும் முன்பே துணிப்பையால் மூடிக் கட்டச் சொல்லுங்கள். மகரந்தம் சேராத அந்தப் பிஞ்சு சில நாள்களில் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். ஹார்மோனை நாமே கொடுத்தால்? 1936இல் அமெரிக்கத் தாவரவியலாளர் குஸ்தாஃப்சன், மகரந்தம் சேராத தக்காளிப் பூக்களில் வளர்ச்சி ஊக்கிகளைத் தடவி, விதையில்லாக் கனிகளைப் பெற்றார்.

நாம் சாப்பிடும் வாழைக்கு அந்த உதவிகூட வேண்டாம். மகரந்தச் சேர்க்கை இல்லாமலே அதன் சூலகம் பருக்கிறது. பழத்தைக் குறுக்கே வெட்டி, நடுவிலுள்ள கரும்புள்ளிகளைக் காட்டுங்கள். அவை கருவுறாமல் நின்றுபோன சூல்கள். காட்டு வாழையில் அதே இடத்தில் கல்போன்ற விதைகள் இருக்கும்.

கடையில் வாங்கும் தாம்சன் சீட்லெஸ் திராட்சையின் கதை வேறு. அங்கே கருவுறுதல் நடக்கிறது. பிறகு கரு வளராமல் அழிந்துவிடுகிறது. எனவே அதைக் கருவுறாக் கனி என்பது சரியல்ல. இந்த இரகத்துக்கு ஜிப்ரலின் தெளிப்பதும் பழத்தைப் பெரிதாக்கத்தான், விதையை நீக்க அல்ல. (தேர்வில் திராட்சை என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் குறைக்கச் சொல்லவில்லை, நாம் சொல்லித் தந்ததைத்தானே எழுதுகிறார்கள்!)

தர்பூசணி என்றதும் வகுப்பில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "விதையே இல்லைன்னா, விதைக்க விதை எங்கிருந்து வரும் டீச்சர்?" நல்ல கேள்வி. 44 குரோமோசோம் கொண்ட செடியின் பெண்பூவில், 22 கொண்ட சாதாரணச் செடியின் மகரந்தத்தைச் சேர்த்து விதை எடுக்கிறார்கள். ஜப்பானில் கிஹாரா குழுவினர் உருவாக்கிய முறை இது. அந்த விதையில் முளைக்கும் செடிக்கு 33 குரோமோசோம்கள். அவை சரிவர இணைசேர முடியாததால் விதை உருவாவதில்லை. ஆனாலும் மகரந்தத்தின் தூண்டுதல் இல்லாமல் காய் பிடிக்காது. அதனால் அந்த வயலிலேயே விதையுள்ள தர்பூசணியையும் ஊடே நடுகிறார்கள்.