ஐசியூவில் எடுக்கும் ‘ரெஸ்பிரேட்டரி பேனல்’: எதற்கு இந்த டெஸ்ட்?

வீட்டுப் பெரியவருக்குக் கடும் காய்ச்சல், மூச்சுத்திணறல், ஐசியூவில் சேர்த்திருக்கிறீர்கள். “ரெஸ்பிரேட்டரி பேனல் எடுக்கணும்” என்கிறார் டாக்டர். பில்லோ பல ஆயிரம் ரூபாய். அப்படி என்ன டெஸ்ட் அது?

கொரோனா நாட்களில் எடுத்த ஆர்டி-பிசிஆரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு வைரஸை மட்டும் தேடியது. இது இன்ஃப்ளூயன்சா, ஆர்எஸ்வி, அடினோ, கொரோனா என்று சுமார் 20 கிருமிகளின் மரபுப்பொருளை (கிருமிக்கே உரிய டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ) ஒரே தடவையில் தேடுகிறது. அந்தத் துணுக்கு கிடைத்தால் இயந்திரம் அதை இரண்டாக, நான்காக, எட்டாகப் பெருக்கிக்கொண்டே போகும். 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டிவிடும். அதனால்தான் துளி சளியே போதுமானதாக இருக்கிறது.

வலிக்குமா? மெல்லிய குச்சி மூக்கின் வழியே நேராகத் தொண்டையின் பின்பக்கம் வரை போகும். கண்ணில் நீர் வரும். சில நொடிகளில் முடிந்துவிடும். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு நுரையீரலுக்குள் இருந்தே சளி எடுப்பார்கள். வைரஸ் கீழே இறங்கியிருந்தால் மூக்குச் சளியில் ‘நெகட்டிவ்’ வரக்கூடும். ஆகவே ஒரு நெகட்டிவை வைத்து நிம்மதியடைய வேண்டாம்.

முடிவு எப்போது வரும்? மருத்துவமனையிலேயே கருவி இருந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில். வெளி லேபுக்கு அனுப்பினால் ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம்.

தெரிந்து என்ன பயன்? இன்ஃப்ளூயன்சா என்றால் ஓசெல்டாமிவிர் மாத்திரை உண்டு. முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். நோய் கடுமையாக இருந்தால் முடிவுக்குக் காத்திராமலே டாக்டர் தொடங்கிவிடுவார், அதுதான் சரி. பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தொற்றாமல் நோயாளியைத் தனியே வைக்கவும் இந்த முடிவு உதவும்.

“வைரஸ்தானே, ஆன்டிபயாட்டிக்கை ஏன் இன்னும் நிறுத்தவில்லை?” நியாயமான கேள்வி. வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. ஆனால் ஃப்ளூவால் நைந்த நுரையீரலில் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்வதுண்டு. அது இல்லை என்று தெளிவாகும்வரை மருந்து தொடரலாம்.

‘பாசிட்டிவ்’ வந்தாலும் அதையே குற்றவாளி என்று முடிவுகட்ட முடியாது. சளி பிடித்துக் குணமாகிச் சில வாரம் கழிந்தும் ரைனோவைரஸின் மரபுப்பொருள் மூக்கில் மிஞ்சியிருக்கும், குழந்தைகளிடம் குறிப்பாக. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, நோயாளியின் மூச்சு எல்லாவற்றோடும் சேர்த்தே அந்த ரிப்போர்ட்டைப் படிக்க வேண்டும்.

சாதாரண ஜலதோஷத்துக்கு இந்த டெஸ்ட் வீண் செலவு. யாராவது எழுதிக்கொடுத்தால் தயங்காமல் ஒன்று கேளுங்கள்: “முடிவு வந்தால் சிகிச்சையில் எது மாறும், டாக்டர்?”