பன்னிரண்டு கூடைகளைச் சுமந்தவர் யார்?

கலிலேயக் கடலின் அக்கரையிலே, புல்தரையில் அமர்ந்திருந்த ஐயாயிரம் பேர் வயிறார உண்ட நிகழ்வை நற்செய்தியாளர் நால்வருமே எழுதி வைத்துள்ளனர். மீந்த துண்டுகள் பன்னிரண்டு கூடைகள் நிறையச் சேர்ந்தன என்பதையும் நால்வருமே குறிப்பிடுகின்றனர். ஆயினும், எதுவும் வீணாகாதவாறு அவற்றைச் சேர்த்தெடுக்கும்படி பணித்தவர் ஆண்டவரே என்ற செய்தியை யோவான் ஒருவரே நமக்குத் தருகின்றார் (யோவா 6:12). ஐந்து அப்பங்களைப் பல்லாயிரம் பேருக்குப் பகிர்ந்தளிக்க வல்லவர், சிந்திய துண்டுகளுக்காகக் கவலைப்படுகின்றார்!

சிக்கனத்தைப் பற்றி மறையுரை ஆற்றும்போதெல்லாம் நாம் இப்பகுதியை எடுத்துக்கொள்வது வழக்கம். அக்கட்டளை எவருக்கு இடப்பட்டது என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. உண்டவர்களின் தொகையில் பெண்களும் பிள்ளைகளும் சேர்க்கப்படவில்லை என்கிறார் மத்தேயு (மத் 14:21). ஆகவே கைக்குழந்தையோடு புல்தரையில் அமர்ந்திருந்த தாய்மார் அங்கே பலர் இருந்திருக்க வேண்டும். ஆண்டவர் அவர்களைப் பார்த்து, எழுந்து துண்டுகளைப் பொறுக்குங்கள் என்று சொல்லவில்லை. தம்முடைய சீடர்களுக்கே சொன்னார். சீடரும் பன்னிருவர், கூடைகளும் பன்னிரண்டு. ஆளுக்கொரு கூடையைச் சுமந்திருப்பர் என நாம் எண்ணிக்கொள்வதில் தவறிருக்காது.

இவ்வாறு வாசிக்க எனக்குக் கற்றுத் தந்தவர் ஓர் இளந்தாய். செப்டெம்பர் முதலாம் நாளிலிருந்து ஒக்டோபர் நான்காம் நாள் வரை திருச்சபை கொண்டாடும் படைப்பின் காலத்தில் ஒரு ஞாயிறு. திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலின் 211 ஆம் பத்தியை விளக்கிப் பேசினேன். பிளாஸ்ரிக்கைக் குறைத்தல், நீரை அளவோடு பயன்படுத்துதல், குப்பையைப் பிரித்து வைத்தல், உண்ணத்தக்க அளவே சமைத்தல், வேண்டாத விளக்கை அணைத்தல் என வீட்டில் செய்யக்கூடிய சின்னஞ்சிறு செயல்களைத் திருத்தந்தை அங்கே அடுக்கிச் சொல்கின்றார். நானோ அதனோடு நில்லாமல், துணி நப்பி, வீட்டுச் சாப்பாடு, தாய்ப்பால் என்று என் பங்கிற்கும் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டேன். அன்று மாலை அக்குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். தாய் ஆசிரியை. தந்தையும் வேலைக்குச் செல்பவர். பிள்ளைகள் மூவர், கடைக்குட்டிக்கு எட்டு மாதம். தேநீரைத் தந்துவிட்டு அவர் சொன்னார்:

“சுவாமி, நீங்கள் சொன்னதெல்லாம் நல்ல விசயம்தான். கடை நப்பி வேண்டாம், பார்சல் சாப்பாடு வேண்டாம், பால்மா வேண்டாம். ஆனா தோய்க்கிறது ஆர்? அரைக்கிறது ஆர்? பள்ளிக்கூடத்தால வந்து இரவு பத்து மணிவரைக்கும் நான்தானே நிக்கிறன்?”

கணவர் முற்றத்தைப் பார்த்தார். நானும் முற்றத்தைத்தான் பார்த்தேன்.

நான் மறையுரையில் சொன்னவை தவறானவையா? தவறல்ல. நமது குடாநாட்டின் நிலத்தை எண்ணிப் பார்த்தால் அவை இன்னும் அழுத்திச் சொல்லப்பட வேண்டியவையே. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடே இறங்கித் தங்கி நிற்பதையே நாம் கிணற்றில் அள்ளிக் குடிக்கின்றோம். மழைநீரை இறங்கவிடும் அதே கல், தோட்டத்தில் அளவு மீறிப் போட்ட யூரியாவையும் மலசலகூடக் குழியின் கழிவையும்கூடத் தடுக்காமல் இறங்கவிடுகின்றது. அவற்றிலிருந்து உண்டாகும் நைத்திரேற்று, தோட்டச் செய்கை மிகுந்த இடங்களின் கிணறுகள் பலவற்றில் அளவுக்கு மேல் காணப்பட்டுள்ளது.

குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. போத்தற்பால் குடிக்கும் சிசுக்களை மனத்திற்கொண்டே அந்த எல்லை வகுக்கப்பட்டது. மிகுதியான நைத்திரேற்று சிசுவின் குருதி ஒட்சிசனைச் சுமந்து செல்வதைத் தடுத்துவிடும். பிள்ளையின் உடல் நீலம் பாரிக்கும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், ஆனால் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். பால்மாவைக் கவனமாகக் கரைத்துக் கொடுக்கும் தாய் இதனை அறிந்திருக்க நியாயமில்லை. தாய்ப்பாலிலோ இந்த ஆபத்து இல்லை. தாய் அந்தக் கிணற்றுநீரையே குடித்தாலும் அவளது பாலில் நைத்திரேற்று குறிப்பிடத்தக்க அளவில் கூடுவதில்லை. நாம் நிலத்தில் கொட்டியதற்கும் நம் குழந்தைக்கும் இடையே இறைவன் தாயை ஒரு வடிகட்டியாக நிறுத்தி வைத்திருக்கின்றார் எனலாம்.

இந்த விடயத்தில் இலங்கைத் தாய்மார் எவருக்கும் பின்னிற்பவரல்லர். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி, ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தனர். வீடுவீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களின் உழைப்பும் அதற்குள் அடங்கியிருக்கின்றது. ஆயினும் ஆறு மாதம் என்று சொல்கின்ற நாடு, வேலைக்குச் செல்லும் தாய்க்குச் சட்டப்படி கொடுக்கும் பிரசவ விடுமுறை 84 வேலை நாட்கள். எஞ்சிய நாட்களின் கணக்கை அவளே தீர்க்க வேண்டியுள்ளது. எவ்வளவு முயன்றும் பால் கொடுக்க இயலாமற் போகும் தாய்மாரும் நம்மிடையே உளர். அவர்களைக் கோயில் வாசலில் வைத்துக் குறுக்குக்கேள்வி கேட்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. பால் கொடுக்கும் தாய் கோயிலுக்குள் கூச்சப்படவும் வேண்டியதில்லை. 2014 ஆம் ஆண்டு சனவரியில் சிஸ்ரைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு வழங்கிய திருத்தந்தை பிரான்சிஸ், பிள்ளை பசித்து அழுதால் அங்கேயே தயங்காமல் பாலூட்டுமாறு தாய்மாரிடம் சொன்னார்.

நப்பியின் கதை வேறு. கடையில் வாங்கும் நப்பி பெரும்பாலும் பிளாஸ்ரிக்கினால் ஆனது, உக்காது. நம் ஊர்களில் அது வளவு மூலையில் எரிகின்றது, அல்லது ஒழுங்கைப் பற்றைக்குள் கிடக்கின்றது. என்றாலும் துணி நப்பி என்பதனாலேயே அது படைப்புக்கு நல்லது என்று நினைத்துவிட முடியாது. பிரித்தானியாவின் சுற்றாடல் முகவரகம் 2008 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு குழந்தையின் முதல் இரண்டரை ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். கடை நப்பியால் உண்டாகும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 550 கிலோகிராம். துணி நப்பியால் 570. வெந்நீரில் இயந்திரத்தில் துவைத்து, மின் உலர்த்தியில் காயவைப்பதால் வந்த வினை அது. ஒரே தடவையில் நிறையத் துவைத்து, வெளியே கொடியில் காயப்போட்டு, அடுத்த பிள்ளைக்கும் அதனையே பயன்படுத்தினால் ஏறத்தாழ 40 வீதம் குறைந்துவிடும் எனவும் அவர்களே கண்டார்கள். கொடியும் வெயிலும் நமக்குப் புதிதா? தம்பிக்கு அண்ணனின் துணியைக் கட்டுவதுதான் புதிதா? எமது ஆச்சிமாருக்கு எந்த ஆய்வும் தேவைப்பட்டிருக்கவில்லை.

ஆச்சிமாரின் காலத்தைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் நாம் ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கெரித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழச் சாற்றில் உடுப்புத் தோய்த்தோம். 2022 இல் எரிவாயுவும் பால்மாவும் இல்லாமல் நாடு முழுவதுமே வரிசையில் நின்றது. மூலையில் கிடந்த விறகடுப்பு மீண்டும் எரிந்தது. அவையெல்லாம் புண்ணியமல்ல, திணிக்கப்பட்ட இல்லாமை. பசியோடு படுத்த பிள்ளையிடம் சிக்கனத்தின் பெருமையைப் பேசுவது கொடுமை. இருக்கும்போதே அளவோடு எடுப்பதுதான் நற்செய்தி கேட்கும் எளிமை. பாலைநிலத்தில் மன்னா பொழிந்தபோது, அவரவர் அன்றைக்கு வேண்டியதையே எடுக்கும்படி சொல்லப்பட்டது. மேலதிகமாகச் சேர்த்து வைத்தது புழுத்து நாறிற்று (விப 16:20).

ஆனால் அந்தத் தடைக் காலத்திலிருந்து ஒன்றை நாம் தவறவிட்டுவிட்டோம். அன்று முழு வீடும் வேலை செய்தது. விளக்குத்திரி திரித்தவர் அப்பு. விறகு கொத்தியவர் ஐயா. தண்ணீர் அள்ளியவர்கள் பெரிய பிள்ளைகள். இன்று வீட்டில் தண்ணீர் மோட்டரும் மிக்சியும் இருக்கின்றன; ஆளாளுக்குக் கைத்தொலைபேசியும் இருக்கின்றது. எஞ்சிய வேலை மட்டும் ஒருவரின் தலையில் வந்து குவிந்துவிட்டது. அந்த நிலையில், பொலித்தீனுக்குப் பதில் துணிப்பை, பார்சலுக்குப் பதில் வாழையிலை என்று நாம் அடுக்கும் ஒவ்வொன்றும் அவளுக்கு இன்னுமொரு வேலையே. 2017 செப்டெம்பரில் அரசாங்கம் லஞ்ச் சீற்றைத் தடைசெய்தது. அதற்குப் பதிலாக விடியற்காலையில் எழுந்து இலை வாட்டப் போவது யார் என்று எந்த வர்த்தமானியும் சொல்லவில்லை. பணத்தில் மிச்சம் பிடித்ததை அவளது உறக்கத்தில் செலவழித்தால் அதற்குச் சிக்கனம் என்று எப்படிப் பெயர் வைப்பது?

ஒவ்வொரு திருப்பலியிலும் நற்கருணை வழங்கி முடிந்தபின் குரு என்ன செய்கின்றார் என்று கவனித்திருப்பீர்கள். தட்டில் ஒட்டியிருக்கும் துணுக்குகளைக் கிண்ணத்தில் சேர்க்கின்றார். நீர் ஊற்றி அலசிப் பருகுகின்றார். துணியால் துடைத்து மடித்து வைக்கின்றார். சுருங்கச் சொன்னால் பாத்திரம் கழுவுகின்றார். இத்தனை ஆண்டுகள் அதனைச் செய்தும், பன்னிரு சீடர்களின் கூடைகளை அதிலே நான் கண்டதில்லை.

இதனை அடுத்த ஞாயிறு மறையுரையில் சொன்னேன். சில வாரங்கள் கழித்து அவ்வீட்டிற்கு மறுபடி போனபோது, கிணற்றடிக் கொடியில் நப்பித் துணிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. வேலைக்குப் போகுமுன் அவற்றைத் தோய்ப்பது இப்போது கணவரின் பொறுப்பாம். மரக்கறித் தோலை வாழையடியில் கொண்டுபோய்க் கொட்டுவது மூத்தவனுக்கு. பொலித்தீனைக் கழுவிக் காயவைத்து வேறாகச் சேர்ப்பது இரண்டாவது பிள்ளைக்கு. அவள் பாதி நாள் மறந்துவிடுகின்றாளாம். மாமிக்குத்தான் மனம் ஆறவில்லை. “ஆம்பிளைப்பிள்ளை நப்பி தோய்க்கிறதைச் சனம் பாத்தா என்ன சொல்லும் சுவாமி?” என்று என்னிடம் முறையிட்டார். அதற்கு நான் பதில் தேடிக்கொண்டிருக்கையில், தேநீரோடு வந்த மருமகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “கறை ஒழுங்காப் போகேல்ல சுவாமி. நான் ஒண்டும் சொல்லேல்ல” என்றார்.