மாத்தளையிலிருந்து நீலகிரிக்கு

தோணியிற் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்தனர் எம் முன்னோர். வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோர் உழைப்பிலே கோப்பியும், பின்னர் தேயிலையும் கொக்கோவும் இரப்பரும் தழைத்தன. ஆயினும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்தம் சந்ததியாரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் பங்கென வகுத்தது. தலைமன்னாரில் மீண்டும் கப்பலேறினர் மக்கள்.

சென்றவர்க்கு அரசு செய்தது என்ன? 1968இல் தமிழக அரசு அவர்களுக்கென நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கிற்று. அதுவே பின்னர் ‘டான்டீ’ நிறுவனமாயிற்று. 1969இல் ரெப்கோ வங்கி எழுந்தது. சிலர்க்கு நூற்பாலை வேலையும், பலர்க்கு வணிகக் கடனும் கிடைத்தன.

இவற்றுள் அக்கடனைப் பற்றியே நான் பெரிதும் எண்ணுவதுண்டு. கொழுந்து பறித்த கைக்குத் தராசு பழக்கமோ? சந்தை அறியாதார் கையில் முதல் கரைந்தது. பலர் கொடைக்கானல் மலைகளிற் கொத்தடிமைகளாகவும் துன்புற்றனர். தேயிலைத் தோட்டமோ, அறிந்த தொழிலையே தந்தமையால் வாழ்வித்தது. எனினும் அம்மண் உழைத்தவர்க்கு உரியதாகவில்லை. 2022இல் அதில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பியளிக்க அரசு முடிவு செய்தபோது, அவர்தம் நெஞ்சில் பழைய அச்சமே மீண்டும் எழுந்தது.

இங்கே எஞ்சிய நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை தந்தது. ஆனால் மாத்தளைத் தோட்டங்களின் லயக் காம்பராக்களில் வாழ்வோர் பலர்க்குச் சொந்தக் காணி இன்றும் இல்லை.

அரசு நிதி ஒரு வேளைப் பசியை ஆற்றும். அறிந்த தொழிலும் உரிய காணியும் அதனோடு சேர்ந்தாலன்றி, மனிதன் தன் காலில் நிற்பது எங்ஙனம்?